தங்கச்சிமடத்துக்கு எட்டு எழுத்து, பிரவுசருக்குப் பன்னிரண்டு

தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அக்காவுக்கு, ஆர்டர் எடுக்கிற வலைப்பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் போன். "தம்பி, நீங்க செஞ்சு குடுத்தது நம்ம ஊரு பேரையே முழுசா வாங்க மாட்டேங்குது. 'தங்கச்சிமட'ன்னு நிக்குது. அதுக்கு மேல எழுத்து விழல."

தப்பு என்னுடையதுதான். ஊர்ப்பெயர் கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் (அதிகபட்சம் எத்தனை எழுத்து என்ற வரம்பு) 10 என்று கொடுத்திருந்தேன். விரல் விட்டு எண்ணினால் எட்டு எழுத்து, கூட இரண்டு இருக்கட்டுமே என்ற தாராளம். பிரவுசர் நம்மைப் போல எண்ணுவதில்லை. அதற்கு 'ங்' என்பது ங ஒன்று, புள்ளி ஒன்று. 'சி' என்பது ச ஒன்று, கொக்கி ஒன்று. அப்படிப் பார்த்தால் தங்கச்சிமடம் பன்னிரண்டு. 11 கொடுத்திருந்தால் இன்னும் வேடிக்கை: கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து 'தங்கச்சிமடம' என்று பதிவாகியிருக்கும். பாம்பன் நமக்கு நாலு, அதற்கு ஏழு. கீழக்கரை நமக்கு ஐந்து, அதற்கு எட்டு. நானோ சோதிக்கும்போது ஒரு சின்ன ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே ஓர் எழுத்துக்கு ஓர் எண். எப்படித் தெரியும்?

பெயர், ஊர், முகவரிக் கட்டங்களுக்கு வரம்பே வேண்டாம் என்பது என் கட்சி. பார்சல் ஸ்டிக்கரில் அடங்க வேண்டும், வரம்பு இருந்தே ஆகவேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்டில் நீளம் சொல்லும் லெங்த்தை நம்பாதீர்கள்; அதுவும் இப்படித்தான் எண்ணும். எழுத்துகளை நம்மைப் போலப் பிரித்துத் தர இன்டில்.செக்மென்டர் இருக்கிறது. மொழிக்கு 'டிஏ' (தமிழின் குறியீடு), கிரானுலாரிட்டிக்கு, அதாவது எந்த அளவில் பிரிப்பது என்பதற்கு, 'கிராஃபீம்' (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று கொடுத்தால் தங்கச்சிமடத்துக்கு எட்டு என்றே சொல்லும். (க்ஷ-வை மட்டும் இரண்டாக எண்ணும். போகட்டும்.) நீளமான பெயரை ஸ்லைஸ் போட்டு வெட்டி மூன்று புள்ளி ஒட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அந்த வேலையை, பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ, எலிப்சிஸிடம் விட்டுவிடுங்கள். அப்புறம், சர்வர் பக்கம் இருப்பவரிடம் வரம்பு பைட் கணக்கிலா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். தங்கச்சிமடத்துக்கு 36.

அக்காவைப் பார்க்க நேரில் போனபோது அடுத்த பாடம். வெயிலில் காயும் நெத்திலிக்கு நடுவே நின்றுகொண்டு போனை நீட்டினார். தலைப்பு இரண்டு வரியாக மடிந்து, மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'மீ' மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆங்கிலத் தலைப்புக்குப் பழகிய லைன்-ஹைட் (வரி உயரம்) 1.2 செய்த வேலை. தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். 1.6 வைத்தேன், சரியாகிவிட்டது. பட்டனுக்கு ஹைட்டைப் பிக்சலில் கட்டிவைத்ததால் 'பதிவு செய்' என்பதில் வு-வின் வால் வெட்டுப்பட்டிருந்தது. ஹைட்டை எடுத்துவிட்டு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 48 பிக்சலும், உள்ளே சுற்றி இடம் விடப் பேடிங்கும் கொடுத்தேன். உப்பும் செதிலும் ஒட்டிய விரலுக்கு அந்த அளவு தேவைதான். 'ராமநாதபுரத்திலிருந்து' மாதிரி ஒரே சொல் சின்னத் திரையை விட்டு வெளியே ஓடினால் ஓவர்ஃப்ளோ-ராப், எனிவேர் என்று கொடுங்கள், சொல் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும். உடைந்தாலும் எழுத்துக்கு நடுவே உடையாது.

விலைப் பட்டியல் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வெள்ளையில் வெளிர் சாம்பல், ஏசி அறையில் பார்க்க அழகு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி. கடற்கரை வெயிலில் அதுவே போதாது என்பது என் எண்ணம். சாம்பலைத் தூக்கிவிட்டுக் கருப்பே போட்டேன்.

வாங்குபவர் பஸ்ஸில் பாம்பன் பாலம் ஏறும்போது டவர் போனால், பாதி நிரப்பிய ஆர்டர் என்ன ஆகும்? கட்டத்தில் எதையாவது அடித்ததும் வரும் இன்புட் ஈவென்ட் வரும்போதெல்லாம், போனிலேயே சேமிக்கும் லோக்கல்ஸ்டோரேஜில் எழுதிவைத்து, பக்கம் திறந்ததும் எடுத்துப் போடுங்கள். பத்து வரிகூட வராது. சர்வர் 'வந்து சேர்ந்தது' என்று சொன்ன பிறகு மட்டும் அழியுங்கள். அனுப்பு என்பதைத் தொட்டவுடனே அழித்து ஓர் ஆர்டரைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

எல்லாம் முடித்து வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி போன். "தம்பி, ஊரு பேரு வந்துருச்சு. அரைக் கிலோ போட்டா மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது." எடைக் கட்டத்துக்கு டைப், நம்பர் என்று கொடுத்திருந்தேன். அதன் ஸ்டெப் (எண் எவ்வளவு எவ்வளவாக ஏறலாம் என்பது), சொல்லாமல் விட்டால் 1. அதாவது 0.5 செல்லாது. ஸ்டெப், எனி என்று மாற்றி ஏற்றினேன். ஐந்து நிமிஷத்தில் அரைக் கிலோ நெத்திலி ஒன்று பதிவாகியிருந்தது.