மழை வருவதற்குள் ஸ்க்ராப்புக்குக் கூரை போடுங்கள்

இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகளில் பாதுகாப்பு ஆய்வு செய்வது என் வேலை. அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். ஐப்பசி நெருங்கினாலே மனதில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிடும்.

போன வருடம் அம்பத்தூரில் ஒரு வார்ப்புக் கம்பெனிக்குப் போனேன். நான்கு ஆட்களையும் கோக் கரியை எரித்து இரும்பை உருக்கும் ஒரு சின்னக் குப்போலா உலையையும் வைத்துத் தொடங்கி, வருடக்கணக்கில் பம்ப் பாகங்கள் ஊற்றிக்கொடுத்து, வண்டிப் பாகங்களுக்கு ஆர்டர் வந்ததும் கடன் வாங்கி மின்சாரத்தில் உருக்கும் அரை டன் இண்டக்ஷன் ஃபர்னஸ் போட்டிருக்கிறார் முதலாளி. எண்ணூர் ஃபவுண்டரீஸ் 1959-ல் தொடங்கிய காலத்திலிருந்தே சென்னையில் வார்ப்புத் தொழில் வண்டித் தொழிலின் கையைப் பிடித்துத்தான் வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பின்பக்கம் போனால், உருக்குவதற்கான பழைய இரும்பு, அதாவது ஸ்க்ராப், முழுவதும் வெட்டவெளியில் நனைந்து கிடக்கிறது.

கேட்டதற்கு ஃபர்னஸ் மேஸ்திரி, "இருபது வருஷமா நனைஞ்ச ஸ்க்ராப்பத்தான் சார் போடுறோம், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அந்த இருபது வருடமும் அவர் வேலை செய்தது குப்போலாவில். அதில் கோக், சுண்ணாம்புக்கல், இரும்பு என்று மேலிருந்து அடுக்கடுக்காகப் போடுவோம், கீழிருந்து ஏறும் சூட்டில் ஸ்க்ராப் நன்றாகக் காய்ந்து, சிவந்து, அப்புறம்தான் உருகி இறங்கும். இண்டக்ஷனில் அந்த அவகாசமே கிடையாது. ஏற்கெனவே 1,400 டிகிரியில் உருகிக் கிடக்கும் இரும்பின் மேலேயே துண்டு போய் விழுகிறது. அதோடு போன தண்ணீர் உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். உருகிய இரும்பு அப்படியே மேலெழுந்து, மேடையில் நிற்பவர் மேல் கொட்டும்.

குவியலிலிருந்து ஒரு முழ நீளக் குழாயை எடுத்தேன். இரண்டு முனையையும் நசுக்கி அடைத்திருந்தது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே களக் களக் என்று சத்தம். மேஸ்திரி கையில் கொடுத்தேன், அவரும் ஆட்டிப் பார்த்தார். வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்தத் தண்ணீர் காயாது. குழாய், ஷாக் அப்சார்பர், சிலிண்டர், மூடிய டின் எதுவாக இருந்தாலும் வெட்டித் திறக்காமல் உலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்க்ராப்புக்குக் கூரையும் சிமெண்ட் தரையும் வேண்டும். முடிந்தால் சூடேற்றிவிட்டுப் போடுங்கள். உருகிய இரும்பைக் கிளறும் கம்பிகூட ஈரமாக இருக்கக்கூடாது. மேடையில் நிற்பவருக்கு முகக் கவசம் கட்டாயம், பாலியஸ்டர் சட்டை கூடவே கூடாது, அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பலர் மறந்துவிடுவது உலைக்குக் கீழே இருக்கும் குழியை. உலையின் உள்பூச்சான லைனிங் ஓட்டையானாலோ அவசரமாக உலையைக் கவிழ்த்தாலோ இரும்பு அங்கேதான் போகும், அங்கே தண்ணீர் நின்றால் கதை முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குழி காய்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஸ்விட்சைப் போடாதீர்கள், டெலிவரி எவ்வளவு தாமதமானாலும் சரி.

அந்த முதலாளி பத்து நாளில் தகரக் கூரை போட்டுவிட்டார். குழிக்கு இன்னும் பம்ப் வைக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.