போலி வேறு, புரளி வேறு

வாட்ஸ்அப்பில் வரும் விசித்திர விலங்குப் படம் எதுவானாலும் இப்போதெல்லாம் ஒரே முத்திரைதான்: சிவப்பு எழுத்தில் ‘போலிப் புகைப்படம்’. சேனல்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், உண்மையைச் சரிபார்க்கிறோம் என்று கிளம்பியவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஹோக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் தமிழாம். காது புளித்துவிட்டது.

ஹோக்ஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த சொல். வித்தைக்காரர்கள் முணுமுணுக்கும் ஹோகஸ் போகஸின் சுருக்கம் என்பார்கள். ஊரை நம்பவைத்து ஏமாற்றுவது, அவ்வளவுதான்.

‘போலி’ அந்தக் குடும்பமே இல்லை. ‘போல்’ என்பதிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த, கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத கடைப்போலியை நினைத்துப் பாருங்கள், பந்தல் பந்தர் ஆனது, அகம் அகன் ஆனது, அதில் யாரும் ஏமாறவில்லை. சரி, போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே பொருளே போலி. படத்தில் எது போலி என்று சொல்லுங்கள். ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் ஆளைக் கவ்வப் பாயும் சுறாப் படம் 2001-ல் மின்னஞ்சலில் சுற்றியது, அதுவும் நேஷனல் ஜியாகிரபிக்கின் ஆண்டுச் சிறந்த படம் என்ற புளுகோடு. சுறா தென்னாப்பிரிக்காவில் எடுத்த நிஜப் படம், ஹெலிகாப்டர் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த நிஜப் படம். ஒட்டியதுதான் பொய், ஆகவே அது ஒட்டுப்படம். இன்னொன்று, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகைப்படப் போட்டியில் 2017-ல் பரிசு வாங்கிய எறும்புதின்னிப் படம். அங்கே ஒட்டுவேலை என்ற பேச்சே இல்லை. அது செத்த பிறகு உள்ளே அடைத்துப் பாடம் செய்த விலங்கு என்று முடிவுகட்டி 2018-ல் பரிசைப் பறித்தார்கள். எங்கேயோ எடுத்த சிறுத்தைப் படத்தை ‘நேற்று ராத்திரி யானைமலையில்’ என்று போட்டு மதுரைப் பக்கத்து ஒத்தக்கடையையே கதவைச் சாத்த வைத்தால், சிறுத்தையும் நிஜம், படமும் நிஜம், கீழே எழுதிய ஒரு வரிதான் பொய். இந்த மூன்றையும் ஒரே ‘போலி’யில் கட்டினால் படிக்கிறவனுக்கு என்ன விளங்கும்?

நம்மிடம் சொல் இல்லாமலா? ஜங்ஷனில் வெடிகுண்டு என்று சும்மா எவனாவது போன் போட்டால் மறுநாள் பேப்பரில் ‘வெடிகுண்டு புரளி’ என்றுதான் வரும். ‘போலி வெடிகுண்டு’ என்று எழுதினால் செய்தியே மாறிவிடும். புரள் என்ற வினையிலிருந்து வந்த சொல் இது, புரட்டுக்கும் அதே வேர்தான். டீக்கடையில் ‘புரளியைக் கிளப்பாதப்பா’ என்பவருக்குத் தெரிந்தது மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் தெரியவில்லை? அகராதியின் முதல் வரிக்குக் கீழே கண் போவதில்லை, வேறென்ன.

இந்த முத்திரை நிஜத்தின் மேலும் விழுகிறது. பறக்கும் மரங்கொத்தியின் முதுகில் மரநாயைப் போன்ற ஒரு சின்னப் பிராணி தொற்றிக்கொண்டிருந்த படம் 2015-ல் லண்டன் பக்கம் எடுத்தது. போலி போலி என்று கத்தினார்கள், அசல் படம். நம் இருதலை மணியனுக்கு இது தலைகீழ், இல்லாத தலையை இருக்கிறது என்று நம்புகிறார்கள். மண்ணுளிப் பாம்பின் வால் மொட்டையாக இருப்பதால் வந்த பேர், அந்த நுனியைக் கீறி வாய்போலக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் நிஜமாகவே இரண்டு தலையோடு பாம்புக்குட்டி அபூர்வமாகப் பிறக்கும். படங்களில் சுற்றும் ஐந்து தலை நாகம்தான் கணினியில் ஒட்டியது.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தள்ளும் புலியையும் யானையையும் வேண்டுமானால் போலிப் புகைப்படம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். புகைப்படம் போலவே இருக்கிறது, எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.