கஞ்சா வழக்கா? முதலில் எடையைப் பாருங்கள்

புழல் சிறை வாசலில் வியாசர்பாடி அம்மா ஒருவரைப் பார்த்தேன். மகன் கஞ்சா வழக்கில் உள்ளே. “20 வருஷம் உறுதி, 40,000 கொடுத்தா பெயில்” என்று ஒரு புரோக்கர் சொன்னதை நம்பி, கம்மலை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார். கட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த ரிமாண்ட் நகலை வாங்கிப் பார்த்தேன். 1 கிலோ 100 கிராம். அந்த எடைக்குச் சட்டத்தில் 20 வருஷமே கிடையாது.

1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எடைதான் எல்லாம். கஞ்சா 1 கிலோ வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டு. அதற்கு மேல் 20 கிலோ வரை, அதிகபட்சம் 10 ஆண்டு. 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. குறைந்தது 10, அதிகபட்சம் 20 ஆண்டு, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். மெத்தாம்பெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருளில் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. போதைப்பொருளோடு கலந்த மாவும் எடையில் சேரும். 2020-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது.

வணிக அளவுக்கு 37-ஆம் பிரிவு ஜாமீனை இறுக்கிப் பிடிக்கும். அதற்குக் கீழே அந்த இறுக்கம் இல்லை. ஆனால் “கூட இருந்தான்” என்று உடந்தை, கூட்டுச்சதிக்கான 29-ஆம் பிரிவைச் சேர்த்தால், கையில் ஒன்றும் இல்லாதவருக்கும் அதே தண்டனைதான். உங்கள் வண்டியில் இன்னொருவர் சரக்கு ஏற்றியிருந்தால், தெரியாமல் நடந்தது என்று காட்ட வாடகை ரசீதையும் போன் பதிவுகளையும் உடனே எடுத்து வையுங்கள்.

பலர் தவறவிடுவது கெடு. வணிக அளவுக்குக் குறைவானால் 60 நாளில், வணிக அளவானால் 180 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும். பின்னதை நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். கெடு முடிந்தால் ஜாமீன் உரிமை. ஆனால் கேட்டு மனு போட்டால்தான் கிடைக்கும். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. ரிமாண்ட் நாளிலிருந்தே காலண்டரில் குறித்து வையுங்கள்.

அந்த அம்மாவிடம் இலவச வக்கீலுக்கு வருமானச் சான்று கேட்டு, தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலையவிட்டிருக்கிறார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. மகன் சிறைக் கண்காணிப்பாளர் மூலமே மனு கொடுக்கலாம். வெளியிலிருந்து 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

அப்புறம் குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புக் காவல் சட்டம். ஜாமீன் நெருங்கும் நேரத்தில் அது விழுந்தால் 12 மாதம் வரை உள்ளேயே வைக்கலாம். உத்தரவு கைக்கு வந்த அன்றே அரசுக்கு ஆட்சேப மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு தாமதித்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு அந்தத் தபால் ரசீதுதான் கைகொடுக்கும்.