‘அசையாம இருங்க’ என்று நான் இப்போது சொல்வதில்லை

மூன்று முறை நாள் குறித்துவிட்டுக் கிளினிக்குக்கு வராமலே போனவர் அவர். வயது 52. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்வாசி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நாள் குறிப்பார். அன்று காலை போன் வரும், “டாக்டர், மாமியாருக்கு உடம்பு சரியில்ல.” அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை காரணமே சொல்லவில்லை. நான்காவது முறை உள்ளே வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்தக் கட்டில்ல படுக்காம இந்த டெஸ்ட்ட செய்ய முடியாதா?”

அவருடைய 9 வயதில் ஒருவர் அவரிடம் அத்துமீறியிருக்கிறார். 43 வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றும் முழுதாகச் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “டாக்டர், அந்த ஆளு ‘அசையாம படு, கொஞ்ச நேரம்தான்’னு சொல்வாரு. பிள்ளை பெத்தப்போ ஆஸ்பத்திரியில நர்ஸும் அதையேதான் சொன்னாங்க.”

(இந்தக் கட்டுரையில் வரும் எல்லாரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் மாற்றவில்லை.)

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவர்கள் நாங்கள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்: அசையாம இருங்க. ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க. இதோ முடிஞ்சிடுச்சு. குழந்தையிடம் அத்துமீறுகிறவன் பேசுவதும் ஏறக்குறைய இதே வாக்கியங்கள்தான். படுத்திருப்பவர் கீழாடை இல்லாமல் இருக்கிறார், நிற்பவர் முழு உடையில் இருக்கிறார், கதவு மூடியிருக்கிறது. நமக்கு அது பரிசோதனை அறை. அவருடைய உடம்புக்கு அது வேறோர் அறை.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில், ஓர் இளம்பெண்ணைப் பரிசோதித்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையசைத்தாள். முகம் சுளிக்கவில்லை, முனகவில்லை. கோப்பில் ‘நன்றாக ஒத்துழைத்தார்’ என்று எழுதினேன். இன்று தெரிகிறது, அவள் ஒத்துழைக்கவில்லை. உறைந்து போயிருந்தாள். தப்பிக்க வழியில்லை என்று மூளை முடிவு கட்டும்போது தசைகள் கட்டுண்டு போகும், குரல் எழாது, நடப்பதை வேறு யாருக்கோ நடப்பதுபோல் மனம் தூர நின்று பார்க்கும். விலங்குகளிடமும் உள்ள தற்காப்பு இது. அந்தக் கோப்பு என் நினைவை விட்டுப் போகவில்லை.

‘ஏன் கத்தல? ஏன் தள்ளிவிடல?’ என்று நம் வீடுகளில் முதலில் கேட்கிறார்களே, அதற்கும் பதில் இதுதான். கத்தாதது சம்மதமாகாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தொடும்போது உடம்பு தானாகக் காட்டும் கிளர்ச்சியும் சம்மதமாகாது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருவதைப் போன்ற ஓர் உடல்வினை அது. இதைத் தெரிந்துகொள்ளாமல், குற்றம் தன் பக்கமும் இருக்கிறதோ என்று பல வருடம் புழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் அறையில் சில பழக்கங்களை மாற்றிவிட்டேன். முதல் பேச்சு எப்போதும் உடையோடு, நாற்காலியில், எதிரெதிராக. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதைச் செய்வதற்கு முன் சொல்கிறேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் அவர் என் முகத்தைப் பார்க்க முடியும். ஒருக்களித்துப் படுத்தும் பரிசோதிக்கலாம். விரும்புகிறவர், பெண்ணுறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் என்ற கருவியைத் தானே உள்ளே செலுத்திக்கொள்ளலாம். பலர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். அந்த வார்த்தை வந்ததும் என் கை நின்றுவிட வேண்டும். ‘இன்னும் ஒரே நிமிஷம்’ என்ற பேச்சே கூடாது. இதில் எதற்கும் தனிக் கருவி வேண்டாம். பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். யார் பாதிக்கப்பட்டவர் என்பது நெற்றியில் எழுதியிருக்காது. அதனால் வருகிற எல்லாரிடமும் இப்படியே நடந்துகொள்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒரு முறை பேப் ஸ்மியர் என்ற செல் சோதனை, 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒரு முறை அந்த நோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான பரிசோதனை என்பது பரிந்துரை. அதைத் தவிர்க்கிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று நினைப்பது எங்களுக்குச் சுலபம். பல் மருத்துவரிடம் போகாதவர்களும் இருக்கிறார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, முகத்துக்கு மேலே ஒருவர் குனிந்தால் அவர்களால் தாங்க முடிவதில்லை.

இது பல வருடம் கழிந்த பிறகு வரும் சிக்கல். நேற்றிரவு நடந்திருந்தால் வேறு கணக்கு, அங்கே மணிநேரம் முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைகளில் ஒரு வகை 72 மணி நேரம் வரையிலும் இன்னொரு வகை 120 மணி நேரம் வரையிலும் பயன் தரும். இங்கே அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும், மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்க முடியாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தேவையா என்றும் பார்க்க வேண்டும். கிருமித் தொற்றுச் சோதனைகளைச் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும், முதல் நாள் முடிவை மட்டும் நம்பக்கூடாது.

தடயம் வேண்டுமென்றால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்து வரவேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? அதனால் வராமல் இருந்துவிடாதீர்கள். அழுக்குப் போகத் தேய்த்துக் குளிக்கத்தான் யாருக்கும் தோன்றும். போலீசில் புகார் கொடுத்த பிறகு தடயம் எடுப்பதற்கென்றே 2017இல் கண்டோன்மண்ட் போலீஸ் வளாகத்தில் ஒன்சேஃப் நிலையம் வந்தது. கூட்டம் நிறைந்த அவசரப் பிரிவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டிய நிலையை அது குறைத்தது. உண்மையிலேயே நல்ல மாற்றம். புகார் கொடுத்த நொடியிலிருந்து பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடத் தடை உண்டு. நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னாலிருந்து சாட்சி சொல்லவும் வழி உண்டு. சிங்கப்பூரில் குற்றவியல் வழக்குக்குக் காலக் கெடு கிடையாது, பல வருடம் கழித்தும் புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனை தன் பொறுப்பில் போலீசுக்குத் தெரிவிக்கக்கூடும் என்பதால் அதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. சொல்லியே ஆக வேண்டியிருக்கும், அதை அந்தப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. தனியாகப் போக அச்சமாக இருந்தால், பெண்கள் உரிமை அமைப்பான அவேரின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையத்தை 6779 0282 என்ற எண்ணில் அழையுங்கள். மருத்துவமனைக்கும் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் துணைக்கு வருவார்கள். ஆண்களும் அழைக்கலாம். தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000. அது 24 மணி நேரமும் இயங்குகிறது.

எனக்குள்ள பெரிய மனக்குறை அந்த முதல் சில நாள்களைப் பற்றியதல்ல. அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியது. தொற்றுச் சோதனைக்கு, பால்வினை நோய்களுக்கான கிளந்தான் லேன் டிஎஸ்சி மருந்தகம், அடிவயிற்று வலிக்கு இன்னோர் இடம், தூக்கமின்மைக்குப் பலதுறை மருந்தகம், மனநல ஆலோசனைக்கு வேறொரு வரிசை. ஒவ்வோர் இடத்திலும் புது முகம் உட்கார்ந்து ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்கிறது. நான்கைந்து முறை அதையே சொல்ல வைக்கிறோம், பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். பெண்கள் நல மருத்துவர், இடுப்படித் தசைக்கான இயன்முறை மருத்துவர், மனநல நிபுணர் மூவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்க முடிய வேண்டும். அவருடைய அனுமதியோடு, அவரே படித்துப் பார்த்த ஒரு பக்கக் குறிப்பு அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எத்தனையோ நோய்களுக்குக் கூட்டுச் சிகிச்சை நடத்தத் தெரிந்த ஊர் இது. சிகிச்சை இல்லாமலும் இல்லை. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவுகளைக் கொண்டு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் முறையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013லேயே பரிந்துரைத்துவிட்டது. தமிழில் பேசி அதைச் செய்யக்கூடியவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். அழுகை வரும் இடத்தில் யாரும் இரண்டாம் மொழியில் பேசுவதில்லை.

மொழி என்றதும் இன்னொன்று. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அழிந்தது அவளுடைய கற்பு என்று அந்தச் சொல் சொல்கிறது. செய்தவன் அதில் எங்குமே இல்லை. வன்புணர்வு, பாலியல் வன்கொடுமை என்று சொல்லலாம். ஆனால் இந்தச் சொற்களோடும் யாரும் என் அறைக்கு வருவதில்லை. ‘தப்பா நடந்துக்கிட்டாரு’ என்பார்கள், ‘கீழ’ என்பார்கள், ‘யூரின் போற இடம்’ என்பார்கள். அதனால் நான் இப்படிக் கேட்கிறேன்: “உங்களுக்கு விருப்பம் இல்லாம யாராவது உங்களத் தொட்டிருக்காங்களா? இப்பவோ, சின்ன வயசிலயோ?” கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை அறைக்குள் விடுவதில்லை, அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். யார் முன்னால் பேச முடியாதோ அவரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

சில அம்மாக்கள் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: “பொண்ணு இன்னும் பொண்ணாத்தான் இருக்காளா, பாத்துச் சொல்லுங்க டாக்டர்.” பார்க்க மாட்டேன். கன்னிச்சவ்வைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, உலகச் சுகாதார நிறுவனமும் ஐநாவும் இந்தச் சோதனையை ஒழிக்க வேண்டும் என்று 2018இல் கேட்டுக்கொண்டன. அந்த அம்மாவுக்கு இருப்பது நாலு பேர் பேச்சைப் பற்றிய பயம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையை அதே கட்டிலில் இன்னொரு முறை படுக்க வைக்க அது காரணமாகாது.

“புருஷன்தானே டாக்டர்” என்று சொல்லி முடித்துக்கொள்ளும் மனைவியரிடம் ஒரே தகவலைச் சொல்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர்ச் சட்டத்தில், மனைவியை வன்புணர்ந்த கணவனுக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்பது அவர் முடிவு.

அதே சட்டத் திருத்தத்தால் ஆணும் வன்புணர்வுக்கு உள்ளாகலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருந்த ஒரு தம்பி ‘மூலம்’ என்று சொல்லி வந்தார். பார்த்தேன், மூலம் இல்லை. ரத்தக் கசிவுக்கு வேறு காரணம் இருந்தது. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வலி பெரிதில்லை. பெர்மிட் போய்விடுமோ, ஊரில் கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ, தான் இனி ஆம்பளைதானா என்பதுதான் பயம். பெண்களுக்கென்று பெயர் வைத்த இடங்களுக்கு அவரை எப்படி அனுப்புவது என்று அன்று தடுமாறினேன். கடைசியில், ஆண்களையும் ஏற்கும் இடம் என்று சொல்லிப் பராமரிப்பு நிலையத்துக்கு அவர் எதிரிலேயே போன் போட்டேன். எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தத் தாள் ரயில் நிலையக் குப்பைத் தொட்டியைத் தாண்டியிருக்காது.

உட்லண்ட்ஸ் அம்மா அதன் பிறகு மூன்று முறை வந்தார். முதல் முறை பேசிவிட்டு மட்டும் போனார். இரண்டாம் முறை ஸ்பெக்குலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திருகைத் தளர்த்தி மூடினார். கட்டிலில் ஏறி உட்கார்ந்தார், “போதும்” என்றார், இறங்கிவிட்டார். மூன்றாம் முறை நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: “நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க டாக்டர். கதவு எனக்குத் தெரியணும்.” கட்டிலைத் திருப்பிப் போட்டோம். பரிசோதனை நான்கு நிமிடத்தில் முடிந்தது. நடுவில் ஒரு முறை “போதும்” என்றார். நிறுத்தினேன். சற்று நேரம் கழித்து அவரே “ம், பாருங்க” என்றார்.

அந்தக் கட்டிலை நாங்கள் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.