இரத்தம் நின்றதும் குளிசையை நிறுத்தலாமா?

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒரு தம்பி, திருகோணமலையில் என் கிளினிக்குக்கு வருபவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு மாதமாக மலத்தோடு இரத்தமும் சளியும் போயிருக்கிறது. இரவில் மூன்று நான்கு தடவை எழும்பியிருக்கிறார். மூலம், உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் குடித்தே நாளைக் கடத்திவிட்டார். கமரா விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் புண்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

மெசலசின் குளிசையில் இரத்தம் நின்றது. பிறகு ஆளைக் காணவில்லை. மறுபடி இரத்தம் போகத் தொடங்கித்தான் வந்தார். சொப்பிங் பேக்கிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கிய மிச்ச அட்டைகளில் ஒரு குளிசைகூடக் குறையவில்லை. "சுகமாப் போச்சே டொக்டர், பிறகேன் குளிசை எண்டு விட்டுட்டன்."

அவருடைய தொழிலை வைத்தே விளக்கினேன். கரைவலையில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஓடிவந்து வடத்தைப் பிடிப்பார்கள். குடல் சுவரிலும் அப்படித்தான். கிருமி நுழைந்தால் அங்கே காவலிருக்கும் எதிர்ப்புக் கலங்கள் ரி.என்.எஃப், இன்டர்லூக்கின் 23 போன்ற புரதங்களை வெளிவிடும். அவைதான் குரல். அதைக் கேட்டு இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குடலுக்குள் வந்து குவியும். வேலை முடிந்ததும் இன்டர்லூக்கின் 10 போன்றவை "போதும்" என்று அடக்கும். இந்த நோயில் வலை கரையேறிய பிறகும் குரல் அடங்குவதில்லை. கூடிய கலங்கள் சொந்தக் குடலையே புண்ணாக்குகின்றன. உறைப்புத் தின்றதால் வந்தது என்று வீட்டில் யாரையும் திட்டாதீர்கள்.

இரத்தம் நிற்பதும் இந்தக் குரல் அடங்குவதும் ஒன்றல்ல. நலமாகத் தெரிபவரின் மலத்திலும் கல்புரொடெக்டின் கூடியிருப்பதுண்டு. அது வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதம். உள்ளே இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதற்கு அடையாளம். ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும்.

மெசலசின் போதாதவர்களுக்கு ரி.என்.எஃப்பையே பிடித்து வைக்கும் இன்ஃப்ளிக்சிமாப் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் குரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய்க்கு முதலில் அனுமதி பெற்ற ஊசி அது. ஆனால் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருப்பதிலும் ரி.என்.எஃப்புக்குப் பெரும் பங்குண்டு. அதனால்தான் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை. அலைச்சல் என்று தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள்.

அப்புறம், இடுப்பு வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன். அடங்கியிருந்த நோயைச் சிலருக்கு இவை கிளப்பிவிடும். வடம் இழுப்பவருக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். வாங்கும்போது குடல் நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.

தம்பிக்கு மெசலசினை மறுபடி தொடங்கியிருக்கிறோம். இப்போது இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறார்.