ஸீத்வெயிட்டில் ஏன் அவ்வளவு மழை?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். எப்போது பேசினாலும் மழை என்கிறான். மகள் கென்டில் இருக்கிறாள். கோடையில் தோட்டத்துக்கு ஹோஸ் பைப் பிடிக்கவே தடை போட்டுவிட்டார்கள் என்கிறாள். நடுவே 300 கி.மீ. சொச்சம்தான். ஒரே நாட்டுக்குள் எப்படி இவ்வளவு வித்தியாசம்?”

இருவர் சொல்வதும் உண்மை. கென்ட், சஸெக்ஸ் பகுதிகளில் 2022-லும் 2025-லும் அந்தத் தடை வந்தது. மான்செஸ்டரோ மழைக்குப் பேர்போன ஊர். ஆனால் கணக்கைப் பார்த்தால், அங்கே ஆண்டுக்கு 850 மி.மீ. வாக்கில்தான் பெய்கிறது. சென்னையின் 1,400 மி.மீ.-க்குக் கிட்டவே வராது. சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மான்செஸ்டர் மழை ஆண்டில் 140 நாளுக்கு மேல் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். பேர் அப்படி வந்ததுதான்.

நிஜமான மழையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் வடக்கே, கம்பிரியாவின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போக வேண்டும். அங்கே பாரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் ஸீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம். ஆண்டுக்குச் சுமார் 3,300 மி.மீ. மழை. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் வடக்கே வந்தால் கெஸ்விக் நகரம், சுமார் 1,500 மி.மீ. முப்பது கிலோமீட்டர் தள்ளி வடகிழக்கே பென்ரித், 900-ஐ ஒட்டி. எஸ்ஸெக்ஸ் கடற்கரையின் ஷூபரினெஸ் வரை போய்விட்டால் 500-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பள்ளிக்கூடத்துப் பதில் நமக்குத் தெரியும். அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வருகிறது. பிரிட்டனின் மலைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம்: ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ். காற்று மலையேறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது, மழையாகிறது. மறுபக்கம் மழை மறைவுப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துப் படித்த அதே பாடம். தப்பில்லை. ஆனால் ‘மேகமாகிறது’ என்பதற்கும் ‘மழையாகிறது’ என்பதற்கும் நடுவே ஒரு சிக்கலை அந்தப் பாடம் சொல்லாமல் தாண்டிவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடமே அதுதான்.

ஒரு மேகத்துளியின் விட்டம் சுமார் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது விழும் வேகம் விநாடிக்கு 3 மி.மீ. இருக்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் அது கீழே வந்து சேர நான்கு நாள் பிடிக்கும், நடுவில் ஆவியாகாமல் இருந்தால். ஒரு மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி உருவாக இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். அவை தாமாக மோதிச் சேர்ந்து பெரிதாக அரை மணி நேரமாவது வேண்டும்.

அந்த அரை மணி நேரம் மலைமேல் கிடைக்குமா? புயல் நாளில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. அகல மலையை அது 17 நிமிடத்தில் கடந்துவிடும். மலையைத் தாண்டியதும் காற்று கீழிறங்கும், சூடாகும், மேகத்துளிகள் மறுபடி ஆவியாகிவிடும். ஆக, மலையேறும் காற்று மேகத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்த மேகம் மழையாக முதிர நேரம் போதவில்லை. மலையுச்சியில் நாள் முழுக்க மேகம் கவிந்திருந்தும் கீழே சொட்டுக்கூட விழாத நாட்கள் உண்டல்லவா, காரணம் இதுதான். அப்படியென்றால் ஸீத்வெயிட்டுக்கு 3,300 மி.மீ. எங்கிருந்து வருகிறது?

விடை சொன்னவர் ஸ்வீடன் வானிலை அறிஞர் டோர் பெர்ஜெரோன். 1960களில் அவர் விளக்கியது இது: அங்கே வேலை செய்வது ஒரு மேகம் இல்லை, இரண்டு. மேலே பல கிலோமீட்டர் உயரத்தில், அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வோடு சேர்ந்த அகன்ற மேகத்தட்டு. அது மலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிதமாகப் பெய்துகொண்டே வரும். அது விதைக்கும் மேகம். கீழே, மலையை ஒட்டி, மேலேறும் காற்றில் உருவான தாழ்ந்த மேகம். அது ஊட்டும் மேகம். மேலிருந்து விழும் மழைத்துளி ஊட்டும் மேகத்தின் வழியாக இறங்கும்போது, வழியில் இருக்கும் நுண்துளிகளையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மார்கழி விடியலில் பனிமூட்டத்துக்குள் சைக்கிள் மிதித்துப் போனால் புருவத்திலும் மீசையிலும் நீர் கோத்துக்கொள்ளுமே, அதே வேலை. தானாக முதிர முடியாத மேகத்தை, ஏற்கெனவே முதிர்ந்து விழுகிற துளி வந்து வழித்துக்கொண்டு போகிறது.

எவ்வளவு வழிக்கும்? ஊட்டும் மேகத்தின் ஒவ்வொரு கன மீட்டரிலும் அரை கிராம் நீர் என்றும், மேகம் ஒரு கிலோமீட்டர் தடிமன் என்றும் கொள்வோம். ஒரு மி.மீ. துளி அதைக் கடந்து வரும்போது எடை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். அரை மி.மீ. துளி என்றால் இரண்டரை மடங்காகிவிடும்! சிறிய துளிக்குத்தான் விகிதத்தில் அதிக லாபம். மேலே சாதாரணத் தூறலாகக் கிளம்பியது, கீழே அடைமழையாக வந்து சேர்கிறது. இதற்கெல்லாம் ஆகும் நேரம் நான்கைந்து நிமிடம். அதற்குள் வழித்தெடுத்த நீரை ஈடுகட்ட, கடலிலிருந்து புதிய ஈரக்காற்று மலைமேல் ஏறிக்கொண்டே இருக்கிறது. காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக மேகம் மறுபடி நிரம்பும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வீசும் புயல்களில் மேற்கு மலைகள் இப்படி நனைவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு உயரமான மலைகூடத் தேவையில்லை. உப்சாலா நகரைச் சுற்றி மழைமானிகளை நெருக்கமாக வைத்து அளந்த பெர்ஜெரோன், சில பத்து மீட்டர் மேடுகளே மழையைக் கூட்டுவதைக் கண்டார். தெற்கு வேல்ஸ் மலைகளில் பின்னால் ரேடார் வைத்துப் பார்த்தபோது, மழை கூடுவதில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்ளேயே நடப்பது தெரிந்தது.

இங்கே இன்னொரு நயமான விஷயம். ஸீத்வெயிட் மலையுச்சியில் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் உயரமே உள்ள பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது. தென்மேற்கே நான்கைந்து கிலோமீட்டருக்குள் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), கிரேட் கேபிள் (899 மீட்டர்). துளி விநாடிக்கு 4 மீட்டர் இறங்குகிறது, காற்று அதே விநாடியில் 20 மீட்டர் தள்ளுகிறது என்றால், ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் துளி ஐந்து கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். சிகரத்துக்கு மேலே கொழுத்த மழை, சிகரத்தைத் தாண்டி ஸீத்வெயிட்டில் வந்து விழுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கீழிறங்கும் காற்றில் ஊட்டும் மேகம் கரைந்துவிடும். கெஸ்விக்கில் மழை பாதியாகிவிடும். 2015 டிசம்பர் 5-இல் டெஸ்மண்ட் புயல் வந்தபோது, ஸீத்வெயிட்டுக்குப் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவானது. பிரிட்டனில் 24 மணி நேரத்துக்கு அதுதான் சாதனை அளவு.

மலைக்கு மறுபக்கம் இறங்கும் காற்று சூடாகவும் ஆகிவிடும். 2019 டிசம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஆக்ஃபேரியில் 18.7 டிகிரி வெப்பம் பதிவானதற்கு இந்தக் காற்றுதான் காரணம். நடுக்குளிர்காலத்தில்!

சரி, ஹோஸ் பைப் தடைக்கு வருவோம். மான்செஸ்டர் தன் தண்ணீரில் ஒரு பகுதியை லேக் டிஸ்ட்ரிக்டின் தர்ல்மியர் ஏரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1894 முதல், ஏறத்தாழ 154 கி.மீ. தூரம், பம்ப் எதுவும் இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிறது. கென்டில் அப்படி மலையும் இல்லை, ஏரியும் இல்லை. குளிர்கால மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்கும் நிலத்தடி நீர்தான் பெரும் ஆதாரம். ஒரு குளிர்காலம் பொய்த்தால் அடுத்த கோடையில் கை கடிக்கும். ஜனத்தொகையும் அங்கே அதிகம்.

இவையெல்லாம் நமக்குத் தெரிவதே அளந்து வைத்தவர்களால்தான். ஒயிட்ஹேவனைச் சேர்ந்த ஜான் ஃபிளெட்சர் மில்லர் 1840களில் ஸீத்வெயிட்டில் மழைமானி வைத்தார். 1860-இல் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் நாடெங்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் காலம் முடிவதற்குள் அளவிடும் இடங்கள் 3,000-ஐத் தாண்டின. பாதிரியார், பள்ளி ஆசிரியர், தோட்டக்காரர் என்று யார் யாரோ தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய், 12.7 செ.மீ. வாய் கொண்ட செப்பு மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து எழுதினார்கள். 2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது, ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முயற்சியில் 16,000 தன்னார்வலர்கள் அந்தப் பழைய தாள்களை 16 நாளில் கணினிக்கு ஏற்றினார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். பிரிட்டனின் மிக வறண்ட ஆண்டு 1855 என்று தெரியவந்தது அதனால்தான்.

இதே நாட்டில், ஜூலை 15 அன்று மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் பெய்யும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. செயின்ட் ஸ்விதின் நாள் என்பார்கள். 1861-க்குப் பிறகான பதிவுகளில் அப்படி ஒரு முறைகூட நாற்பது நாள் விடாமல் பெய்ததில்லை. இதைச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகமும் நூறு வருடப் பொறுமையும் போதுமானதாக இருந்தது.

செயற்கைக்கோளும் ரேடாரும் வந்த பிறகு மழைமானி எதற்கு என்று பணம் ஒதுக்குகிறவர்கள் கேட்பதுண்டு. எந்த நாட்டில் கேட்டாலும் அது தவறான கேள்வி. ரேடார் கதிர் தூரம் போகப் போக உயரத்துக்குப் போய்விடும். விதைக்கும் மேகத்தை அது பார்க்கும். ஊட்டும் மேகத்துக்குள் துளி பெருப்பது கதிருக்குக் கீழே நடக்கும். அதனால் மலைமழையை ரேடார் குறைத்தே காட்டும், திருத்தம் போட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தத் திருத்தம் சரியா என்று பார்க்க, மலையடிவாரத்தில் ஒரு மழைமானியும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும்.