அங்கவீனம் முதல் இயலாமை வரை

இலங்கையின் மலையகத்தில் உதவிப்பணம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குச் செல்பவர்கள் நிரப்பும் படிவங்களில் 'அங்கவீனம்' என்ற சொல்லை இன்றும் காணலாம். 'அங்கஹீனம்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் இது. 'ஹீனம்' என்பதற்கு விடுபட்டது, இழந்தது என்பதே அடிப்படைப் பொருள். தாழ்ந்தது என்ற பொருள் பின்னர் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் ஹகரம் கெட்டு 'ஈனம்' ஆனபோது இந்த இரண்டாம் பொருளே மேலோங்கியது. ஈனச்செயல், ஈனப்பிறவி என்று இகழ்ச்சிக்குரியவற்றைச் சொல்லவே அதைப் பயன்படுத்துகிறோம். ஆகவே கால் வளராத ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே இச்சொல் எழுதப்படும்போது, எழுதுபவர் எண்ணியே இராத ஓர் இழிவும் அங்கே பதிந்துவிடுகிறது.

வடசொல்லை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. புறநானூற்றின் 28ஆம் பாடல் கூன், குறள், ஊமை, செவிடு உள்ளிட்ட எட்டையும் 'எச்சம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குள் அடக்கி, அவை பயனற்ற பிறப்புகள் என முன்னோர் கூறியதாகவே சொல்கிறது.

அரச வழக்கில் உள்ள மற்றொரு தொடர் 'வலது குறைந்தோர்'. வலிமை, வல்லமை என்பவற்றைத் தந்த 'வல்' என்ற வேரே இதற்கும் அடி. கேட்பதற்கு மென்மையானதுதான். ஆயினும் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறித்த கிலோவுக்கு எட்டாவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள். உடலின் வலுவைத் தராசில் நிறுத்தே ஆளை மதித்துவந்த இடத்தில், வலது குறைந்தவர் என்பது குறைந்த ஆள் என்றே காதில் விழுகிறது.

தமிழ்நாட்டு அரசு 2010இல் 'ஊனமுற்றோர்' என்பதை விலக்கி ஏற்றுக்கொண்ட 'மாற்றுத்திறனாளி', இன்று இங்கும் மேடைகளில் ஒலிக்கிறது. அன்போடு ஆக்கப்பட்ட சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறைக்கு ஈடாக வேறொரு திறனைக் காட்டியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், படுக்கையிலேயே வளரும் பிள்ளை எந்தத் திறனைக் காட்டுவது?

2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, இத்தகையோரின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை, உடலிலோ மனத்திலோ உள்ள குறைபாடு சூழலின் தடைகளோடும் பிறரின் மனப்பான்மையோடும் மோதும்போது விளைவதையே இந்நிலையாகக் காண்கிறது. இதைத் தமிழில் சொல்ல இரு சொற்கள் வேண்டும். உடலில் இருப்பது குறைபாடு. தடையோடு சேர்ந்து விளைவது இயலாமை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சமதரையில் இயல்வது, செங்குத்தான லயத்துப் படிகளில் இயலாமற்போகிறது.

'இயலாமையுடையவர்' என்பதையே நான் தகுந்த சொல்லாகக் கருதுகிறேன். 'நடக்க முடியாத புள்ள', 'பேச முடியாத புள்ள' என்று லயங்களில் தாய்மார் சொல்லும் முறையோடும் அது ஒத்துப்போகிறது. எது முடியவில்லை என்பதை மட்டும் அவர்கள் சொல்கிறார்கள், பிள்ளை முழுதாகவே இருக்கிறது. படிவத்தில் 'அங்கவீனத்தின் தன்மை' என்று கேட்பதற்குப் பதிலாக 'எதைச் செய்ய இயலவில்லை, எதனால்' என்று கேட்டால், வீதிக்கு இறங்கும் வழியில் படி உடைந்து கிடப்பதையும் அந்தத் தாய் அங்கே எழுதலாம்.